வெள்ளைக்காரனே வாங்கிட்டான்!

போன வாரம் எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஏதோ ஒரு சின்ன கம்பெனி வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டப் போகிறதாம். "ஃபாரின்காரன் க்யூவில் நிற்கிறான், நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம்" என்று அடியில் ஒரு வரி. அதற்கு ஏழெட்டு கட்டைவிரல்கள். ஒருவர், "சார், நீங்க பேங்க்ல இருக்கீங்களே, இது எப்படி? வாங்கலாமா?" என்று என்னைக் கேட்டிருந்தார்.

இதே கேள்வியை என்னிடம் ஒருவர் முன்பும் கேட்டிருக்கிறார். பதிலும் சொன்னேன். தப்பான பதில். அதனால்தான் குழுவில் ஒற்றை வரி போடாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2010-ம் வருடம். டோம்பிவிலியில் வாடகை வீடு. நான் வங்கியில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பி.காம் படித்தவன், ஆபீசர், கையில் அந்நியச் செலாவணி சர்க்குலர் என்று கொஞ்சம் தலை கனத்த வயசு. கீழ்வீட்டில் ஒரு அண்ணாச்சி. கோவில்பட்டிப் பக்கம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தஞ்சு வருஷம் உழைத்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை மடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"தம்பி, இந்தக் கம்பெனி லக்சம்பர்க்ல ஜிடிஆர் போட்டிருக்கானாம். அம்புட்டும் வித்துப் போச்சாம். வெள்ளைக்காரனே வாங்கிட்டான்னா சும்மாவா வாங்குவான்? என்ன சொல்லுதிய?"

நான் அந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை. பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆனாலும் சொன்னேன்: "அவங்க ஆராயாம வாங்க மாட்டாங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி நாலு லட்சம் போட்டார். பி.எஃப் பணம். மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இது என்ன சமாச்சாரம்?

ஒரு கம்பெனிக்குப் பணம் வேண்டும். உள்ளூரில் வட்டி அதிகம், அல்லது அவ்வளவு பெரிய தொகை உள்ளூரில் கிடைக்காது. அப்போது வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே போக முக்கியமாக இரண்டு வழி. ஒன்று பங்கு, இன்னொன்று கடன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பு ஜாதியும் உண்டு, பிறகு வருகிறேன்.

பங்கு வழி எப்படி என்றால், கம்பெனி தன் பங்குகளை மும்பையில் ஒரு கஸ்டோடியன் வங்கியிடம் ஒப்படைக்கும. அந்தப் பங்குகளை வைத்து வெளிநாட்டு வங்கி ஒன்று ரசீது வெளியிடும். ரசீதின் விலை டாலரில். அமெரிக்காவில் விற்றால் ஏடிஆர், ஐரோப்பா மாதிரி இடங்களில் விற்றால் ஜிடிஆர். நம் ஊரில் நெல்லை கிட்டங்கியில் போட்டுவிட்டு கிட்டங்கி ரசீதை விற்பார்களே, அதே கதைதான். நெல் இங்கே இருக்கும், ரசீது மட்டும் ஊர் ஊராகப் போகும்.

இதை முதலில் செய்து காட்டிய இந்தியக் கம்பெனி ரிலையன்ஸ். 1992 மே மாதம், சுமார் 15 கோடி டாலர், லக்சம்பர்க் சந்தையில் பதிவு. அதற்கு முந்தைய வருடம்தான் நாடு தங்கத்தை அடகு வைத்திருந்தது. டாலருக்கு நாக்கு வறண்டு கிடந்த நேரம். அடுத்த வருடமே, 1993-ல், அரசாங்கம் இதற்கென்று தனித் திட்டமே கொண்டுவந்தது.

அப்புறம் 1999 மார்ச். இன்ஃபோசிஸ் நாஸ்டாக்கில் பதிவானது. அமெரிக்கச் சந்தை ஒன்றில் நேரடியாகப் பதிவான முதல் இந்தியக் கம்பெனி. திரட்டியது 7 கோடி டாலர் சொச்சம். பணத்தைவிட அவர்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்தப் பெயர். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த சந்தையில், அவர்களுக்குப் புரிகிற கணக்கு முறையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுகிற கம்பெனி என்ற நம்பிக்கை.

ஆகவே நான் வெளிநாட்டுப் பணத்துக்கு விரோதி இல்லை. (விரோதியாக இருந்தால் என் பிழைப்பும் ஓடாது :)) நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டில் பணம் திரட்டியது என்பது ஒரு கம்பெனியைப் பற்றிய செய்தி. நற்சான்றிதழ் இல்லை. அந்தப் பணம் என்ன நிபந்தனையில் வந்தது, கஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்பதைப் பார்க்காமல் வெறும் "ஃபாரின்" என்ற வார்த்தைக்கு மதிப்பெண் போடுவது நம் பழைய அடிமைப் புத்தி.

வெள்ளைக்காரனுக்கு எல்லாம் தெரியுமா?

நம்ம சென்னைக் கம்பெனி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சத்யம் இன்ஃபோவே, பிறகு சிஃபி. இணைய மையம் நினைவிருக்கிறதா, மணிக்கு இத்தனை ரூபாய் என்று? அவர்கள்தான். 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் ஒரு ரசீது 18 டாலருக்கு விற்றார்கள். நாலே மாதம் கழித்து, 2000 பிப்ரவரியில், மறுபடி விற்றார்கள். விலை 320 டாலர்! வாங்கியதும் அதே அமெரிக்க முதலீட்டாளர் கூட்டம்தான். டாட்காம் குமிழி உடைந்த பிறகு, 2001-ல், விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கிற விலையை வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்வது வாங்கியவர்களைப் பற்றி. கோட்டு சூட்டு போட்டவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடுவார்கள். நம் தி. நகர் ஆடித் தள்ளுபடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டெபாசிட் மேல் லோன்

இப்போது அண்ணாச்சி வாங்கிய ரகத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள அந்நியச் செலாவணி எல்லாம் தெரிய வேண்டாம். பிராஞ்சில் தினமும் நடக்கிற ஒன்று போதும்.

ஒருவர் நம் வங்கியில் 10 லட்சம் டெபாசிட் போடுகிறார். அவருடைய மச்சான் அந்த டெபாசிட்டை ஈடாக வைத்துக் கடன் வாங்குகிறார். மச்சான் கட்டாவிட்டால் டெபாசிட்டில் கழித்துக்கொள்வோம். வங்கிக்கு ஒரு பைசா ரிஸ்க் இல்லை.

இப்போது இதையே லக்சம்பர்க் ஜிடிஆரில் பொருத்துங்கள். ஒரு சின்ன இந்தியக் கம்பெனி 1 கோடி டாலருக்கு ஜிடிஆர் வெளியிடுகிறது. வெளிநாட்டில் ஒரே ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனி அவ்வளவையும் வாங்குகிறது. அதற்குப் பணம் ஏது? ஒரு ஐரோப்பிய வங்கி கடன் கொடுக்கிறது. ஈடு? இந்தியக் கம்பெனிக்கு ஜிடிஆர் விற்று வந்த அதே 1 கோடி டாலர், அதே வங்கியில் டெபாசிட்டாக! அதாவது கம்பெனி தன் பங்கைத் தன் பணத்தின் பொறுப்பிலேயே விற்றிருக்கிறது. வெளியிலிருந்து புதுப் பணம் என்று எதுவும் வரவில்லை.

ஆனால் மும்பை பங்குச் சந்தைக்குப் போகும் அறிவிப்பில் என்ன இருக்கும்? "ஜிடிஆர் முழுவதும் விற்றுத் தீர்ந்தது." அவ்வளவுதான். டெபாசிட் அடமானத்தில் இருப்பதைப் பற்றி மூச்சு இருக்காது. நம்ம ஆள் பேப்பரில் படிப்பார், விலை ஏறும். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுப் பெயர்ப்பலகை தன் ஜிடிஆரைப் பங்காக மாற்றி, இங்கே கொண்டுவந்து, ஏறின விலையில் விற்கும். வாங்குவது யார்? அண்ணாச்சி.

விற்று வந்த பணத்தில் அந்தக் கடனை அடைத்தால் அடைத்தது. அடைக்காவிட்டால் வங்கி கம்பெனியின் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளும். இரண்டு விதத்திலும் காசு போனது இங்கிருக்கும் பங்குதாரருக்கு.

இது என் கற்பனை இல்லை. செபி 2011-ல் தொடங்கி இந்த மாதிரி ஜிடிஆர் வெளியீடுகளைத் தோண்டி எடுத்து ஆணை மேல் ஆணையாகப் போட்டது. "நடந்தது வெளிநாட்டில், செபிக்கு இதில் என்ன வேலை?" என்று வாதாடிப் பார்த்தார்கள். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ரசீது வெளிநாட்டில் விற்றாலும் அதன் அடியில் இருக்கும் பங்கு இந்தியாவுடையது, அடி வாங்குகிறவன் இந்திய முதலீட்டாளன், ஆகவே செபிக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் அண்ணாச்சிக்கு அது நாலைந்து வருடம் தாமதம்.

"எல்லோரும் ஏன் லக்சம்பர்க் போனார்கள், நியூயார்க் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்றால் அந்த நாட்டு எஸ்இசியில் பதிவு செய்து, கணக்கு வழக்கை விரித்து வைக்க வேண்டும். 2002-ல் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்தபிறகு இன்னும் கெடுபிடி. ஜிடிஆரைப் பெரும்பாலும் நாலைந்து பெரிய முதலீட்டாளர்களிடம் தனியாக விற்றுவிடலாம். சந்தையில் கூவி விற்பதற்கும், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு விற்பதற்கும் உள்ள வித்தியாசம். கதவைச் சாத்தி விற்றதெல்லாம் திருட்டு என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்காமல் விடக்கூடாது.

கலப்பு ஜாதி: எஃப்சிசிபி

இது திருட்டு இல்லை. பேராசை. டாலரில் கடன் பத்திரம், வேண்டுமென்றால் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியோடு. 2005-லிருந்து 2008 தொடக்கம் வரை நம் கம்பெனிகள் இதை வாங்கிக் குவித்தன. கணக்கு அப்படி இனித்தது.

ஒரு உதாரணம் போடுகிறேன். பங்கு விலை 200. ஐந்து வருடம் கழித்து 300 ரூபாய்க்குப் பங்காக மாற்றலாம் என்று பத்திரம் விற்கிறது கம்பெனி. வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். தொகை 10 கோடி டாலர், அன்றைக்கு டாலர் 40 ரூபாய் என்றால் 400 கோடி. விலை 300-ஐத் தாண்டினால் எல்லோரும் பங்காக மாற்றிக்கொள்வார்கள், கடனே இல்லை. பங்கு ஏறிக்கொண்டே இருந்த காலம். ஏறாமலும் போகலாம் என்று யோசித்தவர்கள் குறைவு.

2008-ல் எல்லாம் சரிந்தது. பங்கு 50-க்கு வந்துவிட்டால் 300 கொடுத்து எவன் மாற்றுவான்? "டாலரைத் திருப்பிக் கொடு" என்பான், அதுவும் பிரீமியத்தோடு. அப்போது டாலர் என்ன விலை? 2008 ஜனவரியில் 39 ரூபாய் பக்கம் இருந்தது, 2012 ஜூனில் 57-ஐத் தொட்டது. 2013 ஆகஸ்டில் 68-ஐத் தாண்டியது. வாங்கின 400 கோடி, பிரீமியம் சேர்க்காமலே 570 கோடி. இதைத்தான் "வட்டியில்லாக் கடன்" என்று தலைப்பு போட்டுப் பாராட்டினார்கள்.

காற்றாலைக் கம்பெனி சுஸ்லான் 2012 அக்டோபரில் சுமார் 20.9 கோடி டாலர் பத்திரத்தைக் கட்ட முடியாமல் நின்றது. நம் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது வரிசையாகச் சுற்றுமே, அந்த மாதிரிக் காற்றாலைகளைச் செய்கிறவர்கள். காற்றாலை சுற்றினால் வருவது ரூபாய். கட்ட வேண்டியதோ டாலர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எப்படி அடைப்பீர்கள் என்ற கேள்விதான் எந்த வெளிநாட்டுக் கடனுக்கும் முதல் கேள்வி. எங்கள் பாஷையில் ஹெட்ஜிங். அதற்குச் செலவாகும். அந்தச் செலவையும் சேர்த்தால் "மலிவான" டாலர் கடன் பல நேரம் உள்ளூர்க் கடன் விலைக்கே வந்து நிற்கும். நம்ம வீட்டில் வட்டி குறைவு என்று தங்கமாகக் கடன் வாங்கி, தங்கமாகவே திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்வோமா? யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பள்ளத்தை அடுத்தவர் தலையில் தள்ளவும் ஒரு வழி பிறகு வந்தது. மசாலா பாண்ட். ரூபாய்க் கணக்கிலேயே வெளிநாட்டில் விற்கும் பத்திரம். ரூபாய் விழுந்தால் நஷ்டம் முதலீட்டாளருக்கு. எச்டிஎஃப்சி 2016 ஜூலையில் லண்டனில் இப்படி 3,000 கோடி திரட்டியது. கேரளாவின் கிஃப்பி 2019-ல் 2,150 கோடி எடுத்தது, வட்டி 9.723 சதவீதம். "ஏன் இவ்வளவு வட்டி?" என்று அங்கே பெரிய சண்டை நடந்தது. காரணம் சிம்பிள். ரூபாயின் ரிஸ்க்கை அடுத்தவன் சும்மா சுமக்க மாட்டான், கூலி கேட்பான்.

ஒரே திருட்டு, இரண்டு நியாயம்

எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் இது.

2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் தன் கையாலேயே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கணக்கில் காட்டியதில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம். பங்கு விலையில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே நாளில் காலி. அந்தக் கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தையிலும் பதிவானது. எத்தனையோ கெடுபிடி உள்ள சந்தை. அங்கும் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவில் ஏடிஆர் வைத்திருந்தவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2011-ல் கம்பெனி 12.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. ஆடிட்டர் தரப்பும் தனியாக 2.55 கோடி டாலர் கொடுத்தது. செகந்திராபாத்திலோ சேலத்திலோ அதே கம்பெனியின் பங்கை வைத்திருந்த நம்ம ஆளுக்கு? அப்படி ஒரு கூட்டு இழப்பீடு கிடைக்கவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பொய், ஒரே நாள். ரசீது வைத்திருந்தவனுக்கு நஷ்ட ஈடு, அசல் பங்கு வைத்திருந்தவனுக்குப் பட்டை நாமம்.

2013 கம்பெனிச் சட்டத்தில் பங்குதாரர்கள் கூட்டாக வழக்குப் போட வழி செய்தார்கள். ஏட்டில் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு நடக்கும் காலும், அதற்குச் செலவழிக்கும் காசும் சிறு முதலீட்டாளரிடம் எங்கே இருக்கிறது? வெளிநாட்டு முதலீட்டாளர் இருந்தால் நமக்கும் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் வக்கீலோடு வருகிறார். அவருடைய வக்கீல் அவருக்கு மட்டும்தான் வக்கீல்.

இப்போது வெளிநாட்டுக்காரன் நாம்தான்

காலம் மாறிவிட்டது. மாதா மாதம் எஸ்ஐபி கட்டும் நம் ஆட்கள் பணத்தில் உள்ளூர்ச் சந்தையே பெரிதாகிவிட்டது. டாடா மோட்டார்ஸ் 2023 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து தன் ரசீதுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. 2024 ஜனவரியில் வந்த விதிகளின்படி குஜராத் கிஃப்ட் சிட்டி சந்தைகளிலேயே இந்தியக் கம்பெனிகள் நேரடியாகப் பங்கைப் பதிவு செய்து வெளிநாட்டினருக்கு விற்கலாம்.

இதைவிடச் சுவாரசியம், எதிர்த் திசையில் நடப்பது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் செய்கிறார்களே, அவர்கள்தான். 27,870 கோடி, அதுவரை வந்ததில் இந்தியாவின் மிகப் பெரிய பொது வெளியீடு. அதில் ஒரு ரூபாய்கூடத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. கொரியத் தாய்க் கம்பெனி தன் கையிலிருந்த பங்கை விற்றது, பணம் அங்கே போனது. 2025 அக்டோபரில் எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் 11,607 கோடிக்கு அதையே செய்தது. தவறே இல்லை, ஆவணத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஹூண்டாய் முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது, பிறகு ஏறியது. எல்ஜி முதல் நாளே எகிறியது. அது சந்தை.

ஆனால் என் பிராஞ்சில் விண்ணப்பம் போட வந்த ஒருவர், "நம்ம ஊர் ஃபேக்டரி விரிவாகுது சார், நாமளும் பங்கு கொடுப்போம்" என்றார். அவர் பணம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சியோலில் யாராவது ஒருவர், "இந்தியாக்காரனே வாங்கிட்டான்னா சும்மாவா?" என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை :)

ஆகவே, குழுவில் கேட்ட நண்பருக்கு என் பதில், நாலு கேள்வியாக:

1. வாங்கியது எத்தனை பேர், யார் யார்? ஒரே ஒருவர் அவ்வளவையும் வாங்கியிருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

2. பணம் கம்பெனிக்கு வந்ததா? வந்து என்ன ஆனது? ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் இருக்கும். இரண்டு வருடமாக வெளிநாட்டு வங்கியில் சும்மா கிடக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

3. கடனா, பங்கா? கடன் என்றால் எந்தக் காசில், எப்போது திருப்ப வேண்டும்? கம்பெனியின் வருமானம் எந்தக் காசில்?

4. புதுப் பங்கா, பழைய முதலாளி விற்கும் பங்கா?

இந்த நாலுக்கும் பதில் தெரியாமல் வாங்க வேண்டாம். சொல்பவர் வங்கி அதிகாரியாக இருந்தாலும் சரி. முக்கியமாக அவர் வங்கி அதிகாரியாக இருந்தால்!

அண்ணாச்சி கதை பாக்கி இருக்கிறது. அவர் 52 ரூபாய்க்கு வாங்கியது முதல் இரண்டு மாதம் 60-ஐத் தாண்டியது. லாலா கடை அல்வாவோடு மாடி ஏறி வந்தார். ஒன்றரை வருடத்தில் 3 ரூபாய். பிறகு வியாபாரமே நின்றுபோனது. மகள் கல்யாணத்தைக் கடன் வாங்கி முடித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது நானாகவே, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணாச்சி" என்றேன்.

"விடுங்க தம்பி, வாங்குனது நான்லா" என்றார்.

இப்போது அவர் ஊரோடு போய்விட்டார். அவருடைய டிமேட் கணக்கில் அந்தப் பங்குகள் இன்னும் இருக்கின்றன. விற்க ஆள் இல்லை. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கழிகிறது.